அரக்கும் ஊசியும்: தாண்டிப் பாடும் றெக்கோட்டுகளின் கதை

போன வருசம் மாரிக்கு முதல், எங்களில் ஒருத்தியின் அம்மம்மா வீட்டுக் கூரையைத் திருத்த வேண்டி வந்தது. ஓடு இறக்குவதற்காக அறைகளை ஒதுக்கினபோது, பழைய அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் ஒரு தகரப் பெட்டி கிடந்தது. திறந்தால் உள்ளே இசைத்தட்டுகள். எண்ணிப் பார்த்தோம், முப்பத்தொன்று. மூன்று உடைந்திருந்தன. இரண்டு கரையான் அரித்த உறைகளோடு ஒட்டிப்போயிருந்தன. மிச்சம் இருபத்தாறும் தூசியும் பூஞ்சணமும் பிடித்திருந்தாலும் முழுசாகவே இருந்தன. அடியில், நெருப்புப் பெட்டியை விடச் சின்னதாய் ஒரு தகர டப்பி. அதற்குள் துருப்பிடித்த ஊசிகள்.

"உன்ர அம்மப்பான்ர சாமான் அது," என்றார் அம்மம்மா. "95இல ஓடேக்க விட்டிட்டுத்தான் ஓடினது. திரும்பி வந்து பார்க்க வீட்டில கதவுமில்லை, யன்னலுமில்லை. இது மட்டும் கிடந்தது. ஆருக்கு வேணும் எண்டு விட்டிட்டுப் போயிருப்பாங்கள்."

ஒரு நண்பரின் மாமாவிடம் இருந்து பிளேயர் ஒன்றை இரவல் வாங்கி வந்தோம். முதலில் போட்டது பழைய தமிழ்ப் படப்பாட்டு எல்.பி. ஒன்று. இரண்டாவது பாட்டின் நடுவில் ஊசி நின்று, ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லத் தொடங்கியது. நாங்கள் பதறினோம். அம்மம்மா சிரித்தார். "அது அந்த இடத்தில எப்பவும் நிக்கும். நான் குசினியில நிண்டு ஓடி வந்து தட்டி விடுறனான்."

அப்படியென்றால் துப்புரவு செய்தால் சரிவரும் என்று நினைத்தோம். இணையத்தில் ஒரு காணொளியில், மதுசாரம் கலந்து துடைக்கச் சொல்லியிருந்தார்கள். மருந்துக் கடையில் ஸ்பிரிட் வாங்கினோம். எல்.பி.யைத் தொடப் பயமாக இருந்தது. அதனால், பழகிப் பார்க்க, லேபல் பாதி உரிந்த ஒரு பாரமான தட்டை எடுத்தோம். ஒரு தரம் போட்டுக் கேட்டிருந்தோம். கரகரப்புக்குள்ளால் ஒரு நாதஸ்வரம் கேட்டது. யார் வாசிக்கிறார் என்று லேபலில் வாசிக்க முடியவில்லை. ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைக்கத் துடைக்கத் துணி கறுப்பாகியது. "எவ்வளவு ஊத்தை பாருங்கோ" என்று இன்னும் அழுத்தித் துடைத்தோம்.

கூரை வேலைக்கு வந்திருந்த தச்சு வேலை அண்ணை தேத்தண்ணி குடிக்க உள்ளே வந்தவர், துணியை வாங்கி மணந்து பார்த்தார்.

"தம்பியவை, இது ஊத்தை இல்லை. இது அரக்கு. பழைய றெக்கோட் அரக்கில செய்தது எண்டு எங்கட அப்பு சொல்லுவார். கதிரைக்குப் பூசுற பொலிசுக்கு அரக்கை நாங்கள் எதில கரைக்கிறது? ஸ்பிரிட்டிலதானே?"

திரும்பப் போட்டோம். நாதஸ்வரம் இல்லை. மணல் அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும். போர் தின்னாத, கரையான் தின்னாத ஒன்றை நாங்கள் பத்து நிமிசத்தில் துடைத்து முடித்திருந்தோம்.

அந்தத் தட்டு எதால் செய்யப்பட்டது என்று முதலில் கேட்டிருந்தால் அது இன்றைக்கும் பாடியிருக்கும். பிந்திக் கேட்ட அந்தக் கேள்விக்கு நாங்கள் தேடிப் பிடித்த பதில்தான் இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கக்கூடும். கை வைக்க முதல் இதை வாசியுங்கோ.

பூச்சியில் இருந்து பாட்டு

அரக்கு எங்களுக்குப் புதிய பொருள் இல்லை. பாரதக் கதையில் பாண்டவரை எரிக்கக் கட்டினது அரக்கு மாளிகை. பழைய உறுதிகளிலும் கடிதங்களிலும் முத்திரை குத்தினது அரக்கில். மாத்தளைப் பக்கம் ஹப்புவிதவில் மரச்சாமான்களுக்கு நிறம் ஏற்றுகிற கைவினைக்கும் அரக்குத்தான் அடிப்படை. அரக்குப் பூச்சிகள் என்ற மிகச் சின்னப் பூச்சிகள் மரக்கொப்புகளில் கூட்டமாய் ஒட்டியிருந்து சாற்றை உறிஞ்சி, தங்களைச் சுற்றிப் பிசின் மாதிரி ஒன்றைச் சுரக்கின்றன. அந்தக் கொப்புகளை வெட்டி, சுரண்டி, கழுவி, உருக்கி எடுப்பதுதான் அரக்கு. புரசு, இலந்தை போன்ற மரங்களில் இது வளரும். இன்றைய ஜார்க்கண்ட் மாநிலமும் அதைச் சுற்றியுள்ள காட்டுப் பகுதிகளும் இதற்குப் பேர்போன இடங்கள்.

இந்தப் பிசின் எப்படிப் பாட்டுக்குள் வந்தது? 1877இல் எடிசன் ஒலியைப் பதிந்து திருப்பிக் கேட்கிற கருவியைச் செய்தார். அது உருளையில் பதிவது. உருளைக்குப் பதிலாகத் தட்டையான வட்டில் பதிகிற முறையை 1887இல் கொண்டுவந்தவர் ஜேர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எமில் பெர்லினர். தட்டில் ஒரு பெரிய வசதி இருந்தது. ஒரு உலோக அச்சைச் செய்து விட்டால், அதை வைத்து ஆயிரக்கணக்கில் அழுத்தி எடுக்கலாம். ஆனால் எதில் அழுத்துவது? கடின இறப்பரில் முயன்று பார்த்தார்கள். சரிவரவில்லை. 1890களின் நடுப்பகுதியில் அரக்குக் கலவைக்கு மாறினார்கள். அடுத்த அரை நூற்றாண்டு உலகத்தின் பாட்டெல்லாம் அந்தக் கலவையில்தான் இருந்தது.

கலவை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு தட்டில் அரக்கு சிறு பங்குதான். பெரும் பங்கு கல்மா. அதோடு கறுப்பு நிறத்துக்குக் கரி, உறுதிக்குப் பஞ்சு நார். அரக்கு இவை எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கிற பசை. நாங்கள் ஸ்பிரிட்டால் துடைத்தது அந்தப் பசையை. பசை போனதும் மிஞ்சினது கல்மா. அதுதான் அந்த மணல் சத்தம்.

கல்மாவை ஏன் போட்டார்கள்? அந்தக் காலத்து கிராமபோனின் உருக்கு ஊசி மலிவானது. ஒவ்வொரு ஊசியின் நுனியும் தட்டின் தடத்துக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. கல்மா கலந்த தட்டில் ஓடும்போது முதல் சில சுற்றிலேயே நுனி தேய்ந்து தடத்தின் வடிவத்துக்கு வந்துவிடும். தட்டைக் காக்க ஊசியைத் தேய வைத்த உபாயம் அது. அதனால்தான் ஒரு பக்கம் பாடி முடிந்ததும் ஊசியை எறிந்துவிட்டுப் புதிதாய்ப் போட வேண்டும். அம்மப்பாவின் டப்பியில் அவ்வளவு ஊசிகள் இருந்ததன் காரணம் எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. ஊசியை மாற்றாமல் மிச்சம் பிடித்தவர்கள் தட்டைத் தேய்த்தார்கள். அப்படித் தேய்ந்துபோன தட்டை எந்தத் துணியாலும் திருத்த ஏலாது.

1902இல் கிராமபோன் கம்பனியின் பிரெட் கெய்ஸ்பேர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். பாடி முடிந்ததும் கௌஹர் ஜான் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பார். தட்டுகள் அழுத்தப்பட்டது ஜேர்மனியின் ஹனோவரில். அங்கே இருந்தவர்களுக்குப் பாடினது யார் என்று தெரிய அது ஒரு வழி. இந்தியக் காட்டு அரக்கு கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய், இந்தியக் குரலைச் சுமந்துகொண்டு திரும்பக் கப்பலில் வந்தது. 1908இல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்தபிறகுதான் இந்தச் சுற்று குறைந்தது.

நிமிசத்துக்கு 78 தடவை சுற்றும் பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிசம்தான் கொள்ளும். கோயில் வீதியில் மணிக்கணக்காய் விரிகிற ஒரு ராகத்தைத் தட்டில் போட வேண்டுமென்றால் மூன்று நிமிசத்துக்குள் அடக்க வேணும். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி அப்படி அடங்கி, அந்தக் காலத்தில் பெரும் பேர்பெற்ற இசைத்தட்டானது. நாங்கள் அழித்த தட்டில் இருந்தவரும் அப்படித்தான் தன் வாசிப்பைச் சுருக்கித் தந்திருப்பார்.

இந்தத் தீவுக்கு வந்த குரல்கள்

இலங்கையின் வானொலி வரலாறே ஒரு றெக்கோட்டில்தான் தொடங்குகிறது. 1920களின் தொடக்கத்தில், எட்வேர்ட் ஹார்ப்பர் என்ற தந்தித் திணைக்களப் பொறியியலாளரும் அவரோடு இருந்தவர்களும் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் ஒரு சின்ன அறையில் இருந்து பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினார்கள். பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளில் இருந்து எடுத்துக் கட்டிய ஒலிபரப்பி அது. அதில் போனது கிராமபோன் இசை. 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. பிறகு அதுதான் றேடியோ சிலோன் ஆனது. 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது.

1952இல் இந்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுகளுக்குக் கதவைச் சாத்தினார். இந்திய நேயர்கள் அலைவரிசையைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். ஹிந்தியில் அமீன் சயானியின் பாட்டு வரிசை நிகழ்ச்சி இங்கிருந்துதான் அங்கே போனது. தமிழில் மயில்வாகனத்தில் தொடங்கி கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் வரை எத்தனையோ பேரின் குரல் கடல் தாண்டிப் போனது. அந்தக் குரல்களுக்கு இடையில் சுழன்றது முழுக்க இசைத்தட்டு. இந்தியாவில் கிடைக்காத பழைய படப்பாட்டுத் தட்டுகளையும் கொழும்பு நிலையத்தின் நூலகத்தில் தேடுகிற நிலை வந்தது அப்படித்தான்.

வானொலிக்கு வெளியேயும் றெக்கோட் ஊரெல்லாம் பாடியது. கோயில் திருவிழா, கலியாண வீடு, சாமத்தியச் சடங்கு என்றால் பனைமரத்தில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டி, ஒரு பெட்டி இசைத்தட்டோடு வந்திறங்குவார்கள். பிறகு 70களிலும் 80களிலும் றெக்கோடிங் பார்கள் வந்தன. எல்.பி.யில் இருந்து நீங்கள் கேட்கிற பாட்டுகளைத் தெரிவு செய்து கசெற்றில் அடித்துத் தருகிற கடைகள். ஊசி தாண்டினால் தாண்டினபடியே கசெற்றில் விழும். அதைக் கேட்டு வளர்ந்த சிலருக்கு இன்றைக்கும் அந்தப் பாட்டு அந்த இடத்தில் தாண்டினால்தான் சரியான பாட்டு.

அரக்குப் போய் வைனல் வந்தது

அரக்கைக் கீழே இறக்கியது இரண்டாம் உலகப் போர். அரக்கின் பெரும்பகுதி இந்தியாவில் இருந்துதான் கப்பலில் போனது. ஜப்பான் தென்கிழக்காசியாவைப் பிடித்ததும் அந்தக் கடல்வழி ஆபத்தானது. இராணுவத் தேவைகளுக்கும் அரக்கு வேண்டியிருந்தது. 1942இல் அமெரிக்க அரசாங்கம் இசைத்தட்டுக்குப் பாவிக்கிற அரக்கை 70 சதவீதம் குறைக்கச் சொல்லியது. புதுத் தட்டு வேண்டுமென்றால் பழைய தட்டுகளைக் கொண்டு வந்து கொடுங்கோ, உருக்கி அழுத்தித் தருகிறோம் என்று கம்பனிகள் கேட்டன. எத்தனை குரல்கள் அப்படி உருகி இன்னொரு குரலாகின என்று யார் எண்ணியிருப்பார்கள்.

போர்முனைச் சிப்பாய்களுக்கு அமெரிக்க இராணுவம் அனுப்பின பாட்டுத் தட்டுகள் வைனல் என்ற செயற்கைப் பிளாஸ்ரிக்கிலும் செய்யப்பட்டன. அது விழுந்தால் உடையாது. பாரமும் குறைவு. கல்மா இல்லாததால் இரைச்சலும் குறைவு. 1948 யூனில் கொலம்பியா கம்பனி நிமிசத்துக்கு 33⅓ தடவை சுற்றும் எல்.பி.யை வெளியிட்டது. அடுத்த வருசம் ஆர்.சி.ஏ. 45 சுற்றுத் தட்டைக் கொண்டுவந்தது. எங்கள் பக்கம் இந்த மாற்றம் பிந்தித்தான் வந்தது. இந்தியாவில் 1960களிலும் 78 தட்டுகள் அழுத்திக்கொண்டிருந்தார்கள். ஆகவே, இது 60களின் படம், கட்டாயம் வைனல்தான் என்று நினைக்கக்கூடாது. எங்கள் பெட்டியிலும் ஒரே காலத்துப் பாட்டுகள் இரண்டு விதமான தட்டிலும் இருந்தன.

ஏன் தாண்டுகிறது?

இசைத்தட்டில் பார்ப்பதற்கு நூற்றுக்கணக்கான வட்டங்கள் தெரியும். உண்மையில் வெளி விளிம்பில் தொடங்கி நடுவுக்குச் சுருண்டு வருகிற ஒரேயொரு தடம்தான் இருக்கிறது. இருபது நிமிச எல்.பி. பக்கமொன்றின் தடத்தை நிமிர்த்தி வைத்தால் 400 மீற்றருக்கு மேல் நீளும். விளையாட்டுத் திடலை ஒரு முறை சுற்றி ஓடுகிற தூரம். இவ்வளவும் கைச்சாண் அகலத்துக்குக் கூட வராத ஒரு வளையத்துக்குள். 78 தட்டில் ஒரு மில்லிமீற்றருக்குள் நாலு தடம் அளவில் இருக்கும். எல்.பி.யில் அதே இடத்துக்குள் பத்துத் தடம் அளவில். ஊசி நுனியும் அதற்கேற்ப 78இன் நுனியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சிறுத்தது.

பழைய கிராமபோனின் தலை நூறு கிராமுக்கு மேல் அழுத்தும். வழியில் தூசி இருந்தால் கலப்பை மாதிரி உழுதுகொண்டு போகும். எல்.பி. பிளேயரின் கை ஏறத்தாழ இரண்டு கிராம் அழுத்தத்தில்தான் ஓடுகிறது. தட்டைத் தேய்க்காமல் இருக்க அது அவ்வளவு மெல்லிசாக இருக்க வேண்டும். அதனாலேயே அதை ஒரு மணல் துணிக்கை தூக்கி எறியும். முன்னால் இருக்கிற தடத்துக்கு எறிந்தால் பாட்டுத் தாண்டும். பின்னால் இருக்கிற தடத்துக்கு எறிந்தால் திரும்ப அதே இடத்துக்கு வந்து, திரும்ப எறிபட்டு, அம்மம்மா குசினியில் இருந்து ஓடி வர வேண்டியிருக்கும்.

ஊத்தையா கீறலா என்று காதாலேயே கண்டுபிடிக்கலாம். 33⅓ சுற்றுத் தட்டு ஒரு சுற்றுக்கு எடுப்பது 1.8 செக்கன். 78 என்றால் முக்கால் செக்கன் அளவு. டிக், டிக் என்று சரியாக அந்த இடைவெளியில் சத்தம் வந்தால் தடங்களைக் குறுக்கே வெட்டின கீறல். ஒழுங்கில்லாமல் பொரிகிற மாதிரிச் சத்தம் வந்தால் பெரும்பாலும் ஊத்தை. ஊத்தைக்கு வைத்தியம் இருக்கு. கீறலில் போன பொருள் போனதுதான்.

எப்படித் துப்புரவாக்குவது

பிழைவிட்டுப் படித்ததையும் பிறகு தேடிப் படித்ததையும் சேர்த்து, நாங்கள் இப்போது செய்கிற ஒழுங்கு இது.

ஒன்று. முதலில் பிளேயரைப் பாருங்கோ. மேசை மட்டமாக இருக்கா? ஊசி நுனியில் தும்பு சுற்றியிருக்கா? கையின் அழுத்தம் ஊசிக்குச் சொல்லப்பட்ட அளவில் இருக்கா? எங்களுக்குப் பிளேயர் தந்த மாமா, தாண்டினால் தலையில் ஒரு சதக் குற்றி வைக்கச் சொன்னார். அந்தக் காலத்தில் எல்லாரும் செய்தது. ஊசி தாண்டாதுதான். ஆனால் ஒவ்வொரு தரமும் தடத்தின் சுவர் தேயும்.

இரண்டு. அரக்கா வைனலா என்று பிரித்து அடுக்குங்கோ. அரக்குத் தட்டு பாரமாக, கல் மாதிரி விறைப்பாக இருக்கும். வைனல் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். லேபலில் 33⅓ என்று இருந்தால் பெரும்பாலும் வைனல். 78 என்று இருந்தால், அல்லது சந்தேகமாக இருந்தால், அரக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கோ. வளைத்துப் பார்த்துச் சோதிக்க வேண்டாம். அரக்கு உடைந்தால் ஒட்டாது. 78 தட்டை எல்.பி. ஊசியில் போடவும் வேண்டாம். சின்ன நுனி அகலத் தடத்தின் அடியில் விழுந்து, அங்கே படிந்திருக்கிற ஊத்தையை மட்டும் வாசிக்கும். அதற்கென்று பெரிய நுனி ஊசி இருக்கிறது.

மூன்று. தட்டை விளிம்பிலும் லேபலிலும் மட்டும் பிடியுங்கோ. விரல் எண்ணெய் பட்ட இடத்தில் தூசி ஒட்டும், பூஞ்சணமும் பிடிக்கும். மெல்லிய மயிர்த் தூரிகையால் தடம் போகிற போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கோ. நடுவில் இருந்து விளிம்புக்கு இழுத்தால் தூசியே கீறும்.

நாலு. வைனல் என்றால் வடித்த நீரில் பாத்திரம் கழுவும் சவர்க்கார நீர் ஒரு துளி விட்டு, தும்பு போகாத மெல்லிய துணியை நனைத்து, வட்டமாகத் துடைத்து, வெறும் வடித்த நீரால் இன்னொருக்கா துடையுங்கோ. லேபல் நனையக்கூடாது. யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணி வேண்டாம். கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிகிற அதே சுண்ணாம்பு தடத்துக்குள்ளும் படியும். பிறகு நிழலில் நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கோ. வெயிலில் வைத்தால் வளைந்துவிடும்.

ஐந்து. அரக்கு என்றால் ஸ்பிரிட், கொலோன், மதுசாரம் கலந்த எந்தத் திராவகமும் கிட்டவும் வரக்கூடாது. ஊறவும் போடக்கூடாது. ஈரம் பட்டும் படாமலும் இருக்கிற துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கோ. வெடிப்பு இருக்கிற தட்டில் தண்ணியே வேண்டாம். தூரிகையோடு நிற்பாட்டுங்கோ.

ஆறு. இவ்வளவும் செய்தும் ஒரே இடத்தில் நின்றால், அந்த இடத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கோ. ஒரு பொட்டு மாதிரி ஏதும் ஒட்டியிருக்கலாம். ஈரத்துணியை ஒரு நிமிசம் அதில் வைத்து இளக்கி (வைனலுக்கு மட்டும்), பல்லுக்குத்தும் மரக்குச்சியின் நுனியால் தடத்தின் போக்கிலேயே மெல்ல நெம்புங்கோ. குண்டூசி, பிளேட் தொடவே வேண்டாம்.

ஏழு. கீறல் என்றால் திருத்த ஏலாது. மெதுவாகச் சுற்ற விட்டு, கையை விரலால் துளி அளவு ஆதரித்து, ஊசியை அந்த இடத்தால் கடத்தலாம். பாட்டில் ஒரு டிக் மிஞ்சும். அது இருக்கட்டும்.

எட்டு. ஒரு தரம் வடிவாகப் பாடினால் அந்தத் தரமே கணினியில் பதிந்துவிடுங்கோ. டிக் சத்தங்களை அழித்த பிரதி வேண்டுமென்றால் வேறாகச் செய்யலாம். முதல் பதிவை வந்தபடியே வைத்திருங்கோ. லேபலையும், லேபலுக்குப் பக்கத்தில் பொறித்திருக்கிற எழுத்து எண்களையும் படம் எடுங்கோ. லேபல் உரிந்த தட்டு எது என்று அடையாளம் காண அந்த எண்தான் வழி. நாங்கள் அழித்த தட்டில் அதுவும் துணியோடு போய்விட்டது.

விட்டுப் போனவையும் மிஞ்சினவையும்

பத்து அங்குல அரக்குத் தட்டு ஒன்று ஏறத்தாழ 200 கிராம் பாரம். முப்பது தட்டு ஆறு கிலோ. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே ஒரு இரவில் நடந்து வெளிக்கிட்டபோது, மழைக்குள், பிள்ளையையும் அரிசியையும் விட்டுவிட்டு ஆறு கிலோ பாட்டை யார் தூக்குவார்? அதற்கு முதலே 1990இல் இருந்து மின்சாரம் இல்லை. பற்றறி இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் றேடியோவில் செய்தி கேட்டார்கள். பிளேயர்கள் அவ்வளவு காலமும் வாய்மூடிக் கிடந்தன. அப்படி விட்டுவிட்டு வந்தவர்களைக் குறைசொல்ல எங்களுக்கு ஒரு சொல்லும் இல்லை.

1981இல் நூலகம் எரிந்த கதையை எங்கள் தலைமுறைக்கு வீட்டிலும் வெளியிலும் சொல்லித் தந்தார்கள். ஏட்டையும் புத்தகத்தையும் காக்க வேண்டும் என்பது அதில் இருந்து எங்களுக்கு ஊறிப்போய்விட்டது. ஒலியைப் பற்றி அப்படி யாரும் சொல்லவில்லை. இசைத்தட்டுகள் ஒரே நாளில் எரிந்துபோவதும் குறைவு. பரணில் வளைந்து, உறையோடு ஒட்டி, பழைய சாமான்காரனின் சாக்குக்குள் உடைந்து, கடைசியில் எங்களைப் போல ஆசையோடு வந்தவர்களின் துணியில் கரைந்து, ஒவ்வொன்றாய்ப் போகின்றன. எரிந்ததற்கு நாங்கள் மற்றவர்களைக் கேள்வி கேட்கலாம். இதற்கு எங்களைத்தான் கேட்க வேண்டும்.

இருபத்தாறில் இருபத்தைந்து மிஞ்சியிருந்தன. நாலு மாதம் எடுத்தது. பத்தொன்பது தட்டுகளைப் பதிந்துவிட்டோம். ஆறு தட்டுகளில் பழைய ஊசிகள் தடத்தையே தின்றுவிட்டன. அவற்றை உறை மாற்றி நிமிர்த்தி வைத்திருக்கிறோம்.

அந்தப் படப்பாட்டு எல்.பி.யில் இருந்தது கீறல் இல்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் தடத்துக்குள் மெழுகுப் பொட்டு மாதிரி ஒன்று. எந்த இருட்டு இரவின் மெழுகுதிரியோ. ஈரத்துணி, மரக்குச்சி, அரை மணித்தியாலப் பொறுமை. திரும்பப் போட்டோம். அம்மம்மா வாங்கில் இருந்தார். அந்த இடம் கிட்ட வர, பழக்கத்தில் எழும்பினார். ஊசி நிற்கவில்லை. பாட்டு அப்படியே கடந்து போனது.

"ஓ, இதுக்குப் பிறகு இப்பிடியே வருது," என்று சொல்லிவிட்டுத் திரும்ப இருந்தார்.

அழிந்த நாதஸ்வரத் தட்டை எறியவில்லை. புது உறை போட்டு, பெட்டியில் மற்றவற்றோடுதான் வைத்திருக்கிறோம். உறையில் திகதி எழுதி, கீழே ஒரு வரி எழுதியிருக்கிறோம்: இதை ஸ்பிரிட்டால் துடைத்தது நாங்கள்.